ஒரு கைப்பிடி கடலை

உடம்பு எடை கூடிவிட்டது. குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மாலை நான்கு மணி ஆனால் வயிற்றைப் பசி கிள்ளுகிறது. அந்த நேரத்தில் என்ன சாப்பிடுவது?

சிலர் பஜ்ஜி, போண்டா சாப்பிடுகிறார்கள். சிலர் பிஸ்கட் சாப்பிடுகிறார்கள். இன்னும் சிலர் எதுவும் சாப்பிடாமல் பட்டினி கிடக்கிறார்கள். பட்டினியும் நல்லதல்ல. தினமும் போண்டாவும் நல்லதல்ல.

நம் கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும் ஒரு பொருள் இதற்கு உதவும். அது நிலக்கடலை. ஆனால் கடலையை எப்படித் தின்றால் எடை குறைய உதவும்? எப்படித் தின்றால் எடை கூடும்? இந்தப் பாடத்தில் படிப்போம்.

எடை ஏன் கூடுகிறது?

நம் வீட்டுக்கு வரவு உண்டு. செலவு உண்டு. வரவு அதிகம், செலவு குறைவு என்றால் பணம் மிஞ்சும்.

உடம்பும் அப்படித்தான். நாம் சாப்பிடும் உணவு வரவு. நாம் செய்யும் வேலை செலவு. சாப்பாடு அதிகம், உடல் உழைப்பு குறைவு என்றால் உணவு மிஞ்சும். மிஞ்சியது கொழுப்பாக மாறும். அது வயிற்றில், இடுப்பில், தொடையில் தங்கும்.

பணம் மிஞ்சினால் நல்லது. கொழுப்பு மிஞ்சினால் நல்லதல்ல. மூட்டு வலி வரும். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதய நோய் வர வாய்ப்பு கூடும்.

இது பணக்காரர்களின் நோய் என்று முன்பு சொன்னார்கள். இன்று அப்படி இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100 பேருக்கு 24 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள் என்று அதில் தெரிந்தது. 100 பேருக்கு 19 பேர் மிகவும் மெலிந்தவர்கள் என்றும் தெரிந்தது. 100 பேருக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. உடம்பு பருத்திருந்தால் சத்து இருக்கிறது என்று பொருள் அல்ல. பருத்த உடம்பிலும் சத்துக்குறைவு இருக்கலாம். அதனால் எடை குறைக்கிறோம் என்று சத்துள்ள உணவையும் சேர்த்துக் குறைக்கக் கூடாது.

நாடா போதும்

எடை பார்க்கும் இயந்திரம் எல்லார் வீட்டிலும் இல்லை. ஆனால் தையல்காரரின் அளவு நாடா பக்கத்து வீட்டிலாவது இருக்கும். அதுவே போதும்.

நிமிர்ந்து நில்லுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். அளவைப் படியுங்கள்.

பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இது ஏறக்குறைய 31½ அங்குலம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இது ஏறக்குறைய 35½ அங்குலம். இதற்கு மேல் இருந்தால் கவனம் தேவை. இந்தியர்களுக்கு என்று மருத்துவர்கள் சொல்லும் அளவு இது. கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது.

தனலட்சுமியின் விரல்

தனலட்சுமி என்று ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். இது கதைதான். ஆனால் இவளைப் போல் பலர் இருக்கிறார்கள்.

தனலட்சுமிக்கு 42 வயது. பெங்களூரில் ஒரு துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலை முதல் மாலை வரை தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தே வேலை. அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. முழங்கால் வலியும் உண்டு. ஆறு கிலோ எடை குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

தனலட்சுமி ஒரு முடிவு செய்தாள். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். ஒரு டீ குடிப்பாள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவாள். மாலையில் பசி தாங்காது. தொழிற்சாலை வாசலில் இரண்டு போண்டாவும் ஒரு டீயும் சாப்பிடுவாள்.

ஒரு மாதம் ஆயிற்று. எடை குறையவில்லை.

அது கார்த்திகை மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை. காலை மணி 11. தனலட்சுமிக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் இருட்டியது. துணியைப் பிடித்திருந்த விரல் ஊசிக்கு அடியில் போய்விட்டது. ஊசி விரலில் இறங்கியது.

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த மேரி ஓடி வந்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். தனலட்சுமியை முதலுதவி அறைக்கு அழைத்துப் போனாள்.

அங்கிருந்த நர்ஸ் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு நான்கு இட்லி வரவழைத்துச் சாப்பிட வைத்தார்.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"டீ மட்டும்தான் சிஸ்டர். மாத்திரை போட்டுக்கிட்டேன்."

"மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா இப்படித்தான் ஆகும். இன்னைக்கு விரலோட போச்சு. ரோட்டைத் தாண்டும்போது மயக்கம் வந்திருந்தா?"

தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "எடை குறையணும்னுதான் சிஸ்டர். மாத்திரை எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது. நான் படுத்துட்டா வீட்டுல வேற வருமானம் இல்லை."

"எடை குறையணும். ஆனா பட்டினியால குறையாது. காலையில பட்டினி கிடக்கறீங்க. சாயங்காலம் என்ன சாப்பிடறீங்க?"

"ரெண்டு போண்டா, ஒரு டீ."

"அப்புறம் எப்படிக் குறையும்?"

மேரியின் பையில் ஒரு பொட்டலம் இருந்தது. முந்தின நாள் பசவனகுடிக்குப் போய் வாங்கி வந்த கடலை. பசவனகுடி பெங்களூரில் ஒரு பழைய பகுதி. அங்கே பெரிய நந்தி கோயில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை அங்கே கடலைக்காய்த் திருவிழா நடக்கும். கன்னடத்தில் கடலேகாயி பரிஷே என்பார்கள். உழவர்கள் புதுக் கடலையை நந்திக்குப் படைப்பார்கள். தெருவின் இரண்டு பக்கமும் கடலை குவியல் குவியலாகக் கிடக்கும். கர்நாடகக் கிராமங்களில் இருந்தும், ஆந்திராவில் இருந்தும், தமிழ்நாட்டில் இருந்தும் கடலை வரும்.

மேரி பொட்டலத்தைப் பிரித்தாள். "தனம் அக்கா, சாயங்காலம் பசிக்கறப்ப போண்டாவுக்குப் பதிலா இதைச் சாப்பிடுங்களேன்."

தனலட்சுமி பதறினாள். "ஐயோ, கடலையா? அதுல எண்ணெய்தானே எடுக்கறாங்க! முழுக்கக் கொழுப்பாச்சே! இன்னும் குண்டாயிடுவேன்."

நர்ஸ் சிரித்தார். "கொழுப்பு இருக்கறது உண்மைதான். அதனால அளவா சாப்பிடணும். ஒரு கைப்பிடி. அதுக்கு மேல வேண்டாம். போண்டாவுக்குப் பதிலா."

தனலட்சுமி மறுநாளில் இருந்து தொடங்கினாள். காலையில் இட்லியோ ராகிக் களியோ சாப்பிட்டாள். மாலையில் ஒரு கைப்பிடி கடலை. ஆனால் வாசலில் போண்டா வாசனை அவளை விடவில்லை. கடலையும் தின்றாள். போண்டாவும் தின்றாள். இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தாள். அரைக் கிலோ கூடியிருந்தது!

நர்ஸ் கேட்டார். தனலட்சுமி உள்ளதைச் சொன்னாள்.

"போண்டாவோட கூட இல்லம்மா. போண்டாவுக்குப் பதிலா. அதை மறந்துடாதீங்க" என்றார் நர்ஸ்.

தனலட்சுமி அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவள். ஒரு நோட்டு வாங்கினாள். தினமும் என்ன சாப்பிட்டாள் என்று எழுதினாள். டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்றும் எழுதினாள். எழுதி வைத்ததைப் படித்தபோதுதான் எங்கே மிஞ்சுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. போண்டாவை நிறுத்தினாள். டீயில் சர்க்கரையையும் நிறுத்தினாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்சில் இருந்து இறங்கி நடந்தாள். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நோட்டையும் காட்டினாள். டாக்டர் பார்த்து மாத்திரை போடும் நேரத்தைச் சரிசெய்து கொடுத்தார்.

மூன்று மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. நாடாவில் அளந்தால் இடுப்பு ஓர் அங்குலம் குறைந்திருந்தது. இன்னும் மூன்று கிலோ பாக்கி இருக்கிறது.

கடலையில் என்ன இருக்கிறது?

நாம் கொட்டை என்று சொன்னாலும், நிலக்கடலை பருப்பு இனத்தைச் சேர்ந்தது. துவரை, உளுந்து, மொச்சைக்கு உறவு. அதன் பூ மண்ணுக்கு மேலே பூக்கும். பிறகு பூவின் அடியில் இருந்து ஊசி போன்ற ஒரு காம்பு மண்ணுக்குள் இறங்கும். அங்கே காய் முற்றும்.

பருப்பு இனம் என்பதால் அதில் புரதம் அதிகம். உடம்பின் சதையைக் கட்டுவது புரதம். 100 கிராம் கடலைப் பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்பு ஏறக்குறைய 40 கிராம். நார்ச்சத்தும் உண்டு.

துணியை மீட்டரில் அளக்கிறோம். அரிசியைக் கிலோவில் அளக்கிறோம். உணவு தரும் சக்தியைக் கலோரியில் அளக்கிறோம்.

ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும்.
ஒரு கிராம் புரதம் 4 கலோரி தரும்.
ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும்.

கடலையில் கொழுப்பு அதிகம். அதனால் கலோரியும் அதிகம். 30 கிராம் கடலையில் 160 முதல் 170 கலோரி இருக்கும். இதைத்தான் ஒரு கைப்பிடி என்கிறோம்.

அப்படியானால் இது எடை குறைக்க எப்படி உதவும்?

ஒன்று: கடலையை மென்று தின்ன வேண்டும். மெல்ல நேரம் ஆகும். அதற்குள் வயிறு நிறைந்த உணர்வு வரும்.

இரண்டு: புரதம், நார்ச்சத்து, கொழுப்பு மூன்றும் மெதுவாகச் செரிக்கும். அதனால் பசி சீக்கிரம் திரும்பி வராது. ரத்தத்தில் சர்க்கரையும் சட்டென்று ஏறாது.

மூன்று: கடலையை எவ்வளவு மென்றாலும் சில துணுக்குகள் செரிக்காமல் வெளியே போய்விடும். அதில் உள்ள கொழுப்பு முழுவதும் உடம்பில் சேராது.

கொட்டைகளை அளவோடு தின்பவர்களைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதனால் எடை கூடவில்லை என்று தெரிந்தது. ஆனால் கடலை மருந்து அல்ல. கடலை தின்றால் மட்டும் எடை குறையாது. மற்ற சாப்பாட்டையும் அளவோடு சாப்பிட வேண்டும். நடக்க வேண்டும்.

டீயில் கரையும் கணக்கு

ஒருவர் நாளுக்கு நான்கு டீ குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டீயிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை.

நான்கு டீக்கு 8 ஸ்பூன் சர்க்கரை.
ஒரு ஸ்பூன் 5 கிராம். 8 ஸ்பூன் 40 கிராம்.
ஒரு கிராமுக்கு 4 கலோரி. 40 கிராமுக்கு 160 கலோரி.

ஒரு கைப்பிடி கடலையிலும் ஏறக்குறைய அதே 160 கலோரிதான்! ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். அந்தச் சர்க்கரையில் புரதம் இல்லை. நார்ச்சத்து இல்லை. பசியும் ஆறாது. அந்தக் கடலையில் 7 கிராம் புரதம் இருக்கிறது. பசியும் ஆறும்.

டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு ஒரு கைப்பிடி கடலை தின்றால் கலோரி கூடாது. சத்து கூடும். சர்க்கரையை நிறுத்தாமல் கடலையும் தின்றால் கலோரி இரண்டு மடங்கு ஆகும். தனலட்சுமிக்கு முதலில் எடை கூடியதும் இதனால்தான்.

அளப்பது எப்படி?

கைப்பிடி ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

கடையில் 100 கிராம் உரித்த கடலை வாங்குங்கள். ஒரு தட்டில் கொட்டுங்கள். மூன்று சம பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு ஏறக்குறைய 33 கிராம். அதை உங்கள் கையில் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கவனியுங்கள். அல்லது ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு அளவை நினைவில் வையுங்கள். இனி அந்தக் கிண்ணமே உங்கள் படி.

ஓடு உள்ள கடலை என்றால் அளவு வேறு. 100 கிராம் ஓட்டுக் கடலையை உரித்தால் ஏறக்குறைய 70 கிராம் பருப்பு கிடைக்கும். அதனால் 30 கிராம் பருப்புக்கு 43 கிராம் ஓட்டுக் கடலை வேண்டும்.

முடிந்தால் ஓட்டோடு வாங்கி உரித்துத் தின்னுங்கள். உரிக்க நேரம் ஆகும். அதனால் வேகமாகத் தின்ன முடியாது. ஓடு முன்னால் குவியும். எவ்வளவு தின்றோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்காதீர்கள். கை பொட்டலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். பொட்டலம் காலியான பிறகுதான் தெரியும். ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை டப்பாவில் மூடி வையுங்கள்.

எந்தக் கடலை நல்லது?

அவித்த கடலை: மிகவும் நல்லது. அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அதனால் அதே எடைக்குக் கலோரி குறைவு. வயிறும் நிறையும். ஆனால் உப்பு குறைவாகப் போட்டு அவிக்க வேண்டும்.

எண்ணெய் இல்லாமல் வறுத்த கடலை: நல்லது. வெறும் சட்டியிலோ மணலிலோ வறுக்கலாம். பல நாள் கெடாது. வேலைக்கு எடுத்துப் போக எளிது.

மசாலாக் கடலை: மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். மாவும் எண்ணெயும் உப்பும் கூடுகின்றன. எடை குறைக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

கடலை மிட்டாய்: வெல்லமோ சர்க்கரையோ சேர்ந்தது. மெலிந்த பிள்ளைகளுக்கு நல்ல தின்பண்டம். எடை குறைக்க வேண்டியவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

உப்புக் கடலை: ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு டீஸ்பூன் அளவுதான். சாம்பாரிலும் சோற்றிலும் சேரும் உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும்.

அவித்த கடலையோடு வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய், கொத்தமல்லி நறுக்கிப் போடலாம். எலுமிச்சம் பழம் பிழியலாம். ஒரு கைப்பிடி கடலை ஒரு கிண்ணம் சுண்டலாகப் பெருகும். கலோரி அதிகம் கூடாது. வயிறு நிறையும்.

பாதாம்தான் உசத்தியா?

"பணக்காரர்கள் பாதாம் தின்கிறார்கள். நமக்கு எங்கே முடியும்?" என்று சிலர் வருந்துகிறார்கள். வருந்த வேண்டாம். 100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. கடலையில் 24 கிராம் இருக்கிறது. பாதாமில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் கேழ்வரகிலும் கீரையிலும் அது நமக்குக் கிடைக்கும். பாதாம், முந்திரி, கடலை எதுவானாலும் அளவு ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி.

"கடலையில் கொலஸ்ட்ரால் இருக்கிறது" என்றும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. செடியில் விளையும் எந்தக் கொட்டையிலும் கொலஸ்ட்ரால் இல்லை.

ஊருக்கு ஒரு பெயர்

கடலையின் தாய்நாடு தென் அமெரிக்கா. கப்பல் ஏறி நம் நாட்டுக்கு வந்தது. இன்று உலகத்தில் கடலை அதிகம் விளையும் நாடுகளில் சீனா முதலிடம். இந்தியா இரண்டாம் இடம். நம் நாட்டில் குஜராத்தில்தான் அதிகம் விளைகிறது.

நாம் நிலக்கடலை, வேர்க்கடலை என்கிறோம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் இப்படி மாறியது. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். இந்தியில் மூங்பலி என்பார்கள். மராட்டியில் சேங்கதாணா. தெலுங்கில் வேருசெனக. மலையாளத்தில் கப்பலண்டி என்றும் சொல்வார்கள். வேலைக்காக எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கடலை கிடைக்கும். பெயரைத் தெரிந்துகொண்டால் கேட்டு வாங்கலாம்.

பார்த்து வாங்குங்கள்

ஈரம் பட்ட கடலையில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அவித்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது.

அதனால் நிறம் மாறிய பருப்பைத் தின்னாதீர்கள். சுருங்கிய பருப்பையும் பூஞ்சணம் பிடித்த பருப்பையும் பொறுக்கி எறியுங்கள். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். "காசு கொடுத்து வாங்கியது" என்று விழுங்க வேண்டாம். மீதியை ஈரம் இல்லாத டப்பாவில் இறுக மூடி வையுங்கள்.

அச்சடித்த செய்தித்தாளில் மடித்த கடலையை வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். அச்சு மை உணவில் ஒட்டும். வீட்டில் இருந்து ஒரு சிறு டப்பா கொண்டு போகலாம்.

இவர்கள் கவனமாக இருக்க வேண்டும்

சிலருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. தின்றதும் அரிப்பு வரும். உதடும் முகமும் வீங்கும். மூச்சு முட்டும். இப்படி ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவர்கள் மறுபடி கடலை தின்னக் கூடாது.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தின்ன வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. தாங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது. வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் கடலை உதவாது. அது மெதுவாகச் செரிக்கும். அப்போது உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. பட்டினி கிடந்து எடை குறைக்க வேண்டாம்.
2. நாளுக்கு ஒரு கைப்பிடி கடலை. 30 கிராம் போதும்.
3. போண்டாவோடு சேர்த்து அல்ல. போண்டாவுக்குப் பதிலாக.
4. அவித்தது நல்லது. எண்ணெய் இல்லாமல் வறுத்ததும் நல்லது.
5. பூஞ்சணம் பிடித்த கடலையை எறிந்துவிடுங்கள்.

பயிற்சி

கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்.

1. ஒரு கிராம் கொழுப்பு ______ கலோரி தரும்.
2. பெண்களின் இடுப்புச் சுற்றளவு ______ சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.
3. பசவனகுடி ______ நகரில் இருக்கிறது.
4. ஈரம் பட்ட கடலையில் ______ பிடிக்கும்.

கணக்குப் போடுங்கள்.

1. ஒரு கிலோ என்பது 1000 கிராம். நாளுக்கு 30 கிராம் தின்றால் ஒரு கிலோ கடலைப் பருப்பு ஒருவருக்கு எத்தனை நாள் வரும்?
2. உங்கள் ஊரில் ஒரு கிலோ கடலைப் பருப்பு என்ன விலை? அப்படியானால் ஒரு நாள் கடலைக்கு எவ்வளவு செலவு? இரண்டு போண்டா என்ன விலை? எது குறைவு?
3. உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ சர்க்கரை வாங்குகிறீர்கள்? வீட்டில் எத்தனை பேர்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஆகிறது?

எழுதுங்கள்.

நேற்றுக் காலை முதல் இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். டீயையும் எழுதுங்கள். பசிக்காமல் சாப்பிட்டது எது? அதன் கீழே ஒரு கோடு போடுங்கள்.

கலந்து பேசுங்கள்.

1. தனலட்சுமிக்கு முதல் இரண்டு வாரத்தில் எடை ஏன் கூடியது?
2. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மீந்ததை வீணாக்கக் கூடாது என்று பெண்கள் சாப்பிடுகிறார்கள். இதனால் என்ன ஆகிறது?
3. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் மாலை நேரத்தில் என்ன தின்பண்டம் கிடைக்கிறது? அதை மாற்ற எல்லாரும் சேர்ந்து என்ன செய்யலாம்?